பழைய ஸ்பிளெண்டர் பிளஸ்: சோக்கை ஆஃப் செய்தால் அணைகிறது, சூடானால் ஸ்டார்ட் ஆவதில்லை

கேள்வி: கொங்கு வண்டி

வணக்கம். 2013 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ் ஒன்று வாங்கிப் பத்து நாள் ஆகிறது. கார்பரேட்டர் வண்டி, கிக்கர் மட்டும்தான், செல்ஃப் இல்லை. மீட்டர் 51,000 கி.மீ. காட்டுகிறது. விற்றவர் நான்கு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னார். இப்போது உள்ள பிரச்சினைகள்:

காலையில் எட்டு, பத்து உதைக்கு மேல் ஆகிறது. சோக் போட்டால் பிடிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு சோக்கை ஆஃப் செய்தாலும் அணைந்துவிடுகிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) நன்றாக ஏற்றி வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

20 கி.மீ. ஓடிய பிறகு சிக்னலில் நின்றால் அணைகிறது. அதன்பின் எத்தனை உதைத்தாலும் வருவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் சாதாரணமாக ஸ்டார்ட் ஆகிறது.

மேட்டில் நான்காவது கியரில் முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுப்பதில்லை.

காலை முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நீலப் புகை வருகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஹாரன் ஈன சுரத்தில் அடிக்கிறது, இண்டிகேட்டர் மங்கல். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் நடுவில் எதிலோ சிக்கிக்கொண்டதுபோல இருக்கிறது.

ஒரு மெக்கானிக் கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்கி போர் போட வேண்டும் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது) என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பதினாறு ஸ்பேனர்

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். நீங்கள் சொல்வது ஒரே கோளாறு இல்லை, நான்கைந்து கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி மாட்டினால் எது சரியானது, எது புதிதாகக் கெட்டது என்று தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்து, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் ஆயில். இன்ஜினைச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பழையதை முழுக்க வடியுங்கள். அதை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். இந்த இன்ஜினுக்கு உரியது 10டபிள்யூ-30. வடிகிற ஆயில் தேன்போலக் கெட்டியாக இருந்தால், இன்ஜின் சத்தத்தை அமுக்க விற்கும்போது தடித்த ஆயிலை ஊற்றியிருக்க வாய்ப்பு உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் அது வேறு கதை: கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் ஒழுகி பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

புதிதாக ஊற்றும் டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' (கிளட்ச் ஆயிலில் ஓடும் பைக்குகளுக்கான தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம். இந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயில் பிளேட்டுகளை வழுக்க வைக்கும். கடையில் 900 மி.லி. டப்பா கிடைக்கும். 800 வரை ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளவுக் குச்சியைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

அடுத்து சோக் விஷயம். சோக் காற்றை அடைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிறது. அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால் ஐடிலிங்கில் போதிய பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைகிறது. இந்த இரண்டில் ஒன்றுதான்.

நான்கு மாதம் நின்ற வண்டியில் முதல் சந்தேகம் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் துளையான ஸ்லோ ஜெட் மீது. கார்பரேட்டரின் அடிக் கிண்ணமான பௌலில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசுபிசுப்பாகப் படியும். கார்பரேட்டரில் மிக நுண்ணிய துளை அதுதான் என்பதால் அதுதான் முதலில் அடைபடும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பௌலைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், அலுமினியம் அரித்த தடம் அது.

பெட்ரோல் டேப்பை மூடி, பௌலை வடித்து, கார்பரேட்டரைக் கழற்றுங்கள். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். முட்டியபின் இறுக்கினால் ஊசி முனை கெடும். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை வட்டமாக, ஓரம் சுத்தமாகத் தெரிய வேண்டும். சில கார்பரேட்டர்களில் ஸ்லோ ஜெட் அழுத்திப் பொருத்தியது, கழன்று வராது. அதைப் பிடுங்காமல் கிளீனர் ஸ்பிரேயை அந்த வழியில் அடித்து, மறுபக்கம் வருகிறதா பாருங்கள். ஊசியோ ஸ்டீல் கம்பியோ விடவே கூடாது. துளை நூலளவு பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும்.

திரும்ப மாட்டும்போது கார்பரேட்டர் முகத்தில் உள்ள ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். அப்படியே ஃபிளாஞ்சை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு நட்டையும் பலமாக இறுக்கி இறுக்கி அந்த முகம் வில்லாக வளைந்திருப்பது பழைய வண்டிகளில் சகஜம். ஆடினால், கண்ணாடிமேல் நைஸ் எமரித் தாளை விரித்து, எட்டுப் போட்டுத் தேய்த்துச் சமமாக்கலாம்.

இதையெல்லாம் கழற்றும் முன்பே காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள இணைப்புகளைச் சுற்றிக் கெட்டி கிரீஸை மொத்தமாக அப்புங்கள். ஸ்டார்ட் செய்து சோக்கை ஆஃப் செய்யுங்கள். இப்போது நின்று ஓடினால் கசிவு அங்கேதான். இன்ஜின் உறிஞ்சி கிரீஸில் குழி விழுந்த இடமே ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், அது வேண்டாம்.

கார்பரேட்டரை மாற்றச் சொன்னவரிடம் எது தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு தொளதொளவென்று ஆடினால் மாற்றுவது நியாயம். அது இல்லையென்றால் ஒரிஜினலைச் சுத்தம் செய்து போடுவதே மேல். விலை மலிவான நகல் கார்பரேட்டரில் ஜெட் அளவை நம்ப முடியாது.

பதில்: டேப்பெட் கேஜ்

மேலே சொன்னது காலைப் பிரச்சினைக்கு. சூடானால் அணைவது தனிக் கோளாறாக இருக்கலாம். அதை வண்டி ஆறிய பிறகு தேடிப் பயனில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போவதற்குள் ஆறிவிடும், அங்கே நன்றாக ஓடும், எதையாவது மாற்றி அனுப்புவார்கள். அணைந்த அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம். பிளக் ஸ்பேனர் (16 அளவு), ஒரு ஸ்க்ரூ டிரைவர், நல்ல பிளக் ஒன்று, சிறு கண்ணாடி பாட்டில், துணி ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அணைந்ததும் ஓரமாக நிறுத்தி, இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. வேறு எதையும் தொட வேண்டாம்.

இரண்டு, பௌலின் அடியில் உள்ள வடி ஸ்க்ரூவைத் திறந்து பாட்டிலில் பிடியுங்கள். முதலில் பௌலில் இருந்தது வரும், பிறகு டேப்பிலிருந்து இடைவிடாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டேப் சல்லடையோ, பெட்ரோல் பைப்போ, ஃப்ளோட் நீடிலோ அடைப்பு. பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வேறு நிறத்தில் ஓர் அடுக்குப் பிரிந்து, நடுவில் கோடு தெரிந்தால் அது தண்ணீர். டேங்கை முழுக்க வடிக்க வேண்டும்.

மூன்று, ஸ்பார்க். பிடித்த பெட்ரோலை மூடித் தூரமாக வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையில் உள்ள நல்ல பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை ஹெட்டில் அழுத்தி வைத்து உதையுங்கள். வைக்கும் இடம் பிளக் துளையிலிருந்து தள்ளி இருக்கட்டும், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் ஹெட்டைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போது உதைத்தால் சி.டி.ஐ. (பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கெடலாம். நீல நிறத்தில் சட்டென்று பொறி வந்தால் மின்சாரப் பக்கம் நலம். பொறியே இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் மேக்னெட் (இன்ஜினின் இடது பக்கம் சுழலும் காந்தச் சக்கரம்) பக்கப் பிக்-அப் காயில், இக்னிஷன் காயில், சி.டி.ஐ. இந்த மூன்றில் ஒன்று சூட்டில் அறுந்து ஆறினால் சேர்கிறது. இதே மாடல் ஓடுகிற வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. முதலில் பிளக் கேப்பைப் பாருங்கள், இந்த மூன்றையும்விட மலிவு அது.

நான்கு, பிளக்கைத் திரும்ப மாட்டி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் எதிர்த்துத் தள்ள வேண்டும். சூட்டில் அந்த எதிர்ப்பு இல்லாமல் வழுக்கென்று இறங்குகிறது, காலையில் மட்டும் இருக்கிறது என்றால் டேப்பெட் டைட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. சத்தம் கேட்கக்கூடாதென்று டேப்பெட்டை இறுக்கிவிடும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். ஆறினால் சுருங்கி மூடும். நீங்கள் சொல்லும் பதினைந்து நிமிடக் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. ஆனால் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

கொங்கு வண்டி

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். சொன்னபடி செய்தேன். ஆயில் கறுப்பு, கெட்டி, பெட்ரோல் வாசனை இல்லை. மாற்றியாயிற்று. கிரீஸ் அப்பியதும் சோக் இல்லாமல் நின்றது, கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்சுலேட்டர் பக்கம் குழி விழுந்தது. ஓ-ரிங் பட்டையாக நசுங்கி வெடித்திருந்தது. மாற்றி, கார்பரேட்டரையும் சுத்தம் செய்தபின் காலையில் இரண்டு உதையில் வருகிறது.

சூட்டில் அணைவது மட்டும் போகவில்லை. அணைந்த இடத்திலேயே பார்த்தேன். மூடி திறந்தும் பலன் இல்லை, பெட்ரோல் நன்றாக ஒழுகுகிறது, பொறி நீலம். கிக்கர் மட்டும் காற்றுபோல இறங்குகிறது. கிளட்ச் வழுக்கலும் அப்படியே இருக்கிறது.

பதில்: டேப்பெட் கேஜ்

அப்படியானால் டேப்பெட்தான் அடுத்த வேலை. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் செய்ய வேண்டும், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றுங்கள், சுற்றுவது சுலபமாகும். இரண்டு டேப்பெட் மூடிகளையும், இடது மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் எடுங்கள். நடுத் துளை வழியே சாக்கெட் போட்டு மேக்னெட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். மேல் துளையில் 'டி' கோடு (பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டுவது) கவரின் வெட்டுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். டைட் டேப்பெட்டில் எக்ஸாஸ்ட் ராக்கர் ஆடாமலும் இருக்கலாம். அதனால் ராக்கரை மட்டும் நம்பாமல், சுற்றும்போது பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளிய பிறகு வரும் 'டி'தான் சரியானது. தள்ளாமல் வந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

இடைவெளி அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடியே வையுங்கள். 0.1 மி.மீ.க்கும் குறைவான அளவு என்பதால் பிளேடும் பேப்பரும் வைத்துச் செய்கிற வேலை இல்லை, ஃபீலர் கேஜ் (அளவு பொறித்த மெல்லிய தகடுகள்) வேண்டும். தகடு லேசாகப் பிடித்து, வெண்ணெயில் கத்தி நகர்வதுபோல நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி அளவு மாறும், அதனால் டேப்பெட் சாவியால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இறுக்கியபின் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். மூடிகளின் ஓ-ரிங் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும்.

சரியான இடைவெளியில் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரத்தான் செய்யும். அதைக் கேட்டு யாராவது இறுக்க வந்தால் விடாதீர்கள்.

500 கி.மீ. கழித்து ஆறிய இன்ஜினில் மறுபடி அளவெடுங்கள். எக்ஸாஸ்ட் இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் வால்வு சீட் கருகி உள்ளே இறங்குகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்ய வேண்டும். அதுவும் ஹெட் வேலை மட்டும்தான், போர் இல்லை.

போர் பற்றி: முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் நீலப் புகை வால்வு சீல் கெட்டியானதன் அடையாளம். இரவில் ஆயில் வால்வு வழியாகச் சொட்டிக் காலையில் எரிகிறது. ரிங் தேய்ந்திருந்தால் இழுவையில், முறுக்க முறுக்கப் புகை வரும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து ஒரு தடவை அளந்து, பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, நாலு உதை உதைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு கணிசமாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சீலுக்காக மட்டும் இப்போது ஹெட்டைத் திறக்க வேண்டாம். 500 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் குச்சியைப் பார்த்து வாருங்கள்.

பதில்: பதினாறு ஸ்பேனர்

கிளட்ச்சுக்கு வருவோம். புது ஆயிலிலும் வழுக்குகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் நீங்கள் லீவரைத் தொடாமலே கிளட்ச் பாதி பிடித்த நிலையில் இருக்கும். கீழே இன்ஜின் பக்க நட்டில் சரிசெய்யுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆட்டம் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் முடிந்தது. பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். சூட்டில் தளர்ந்த பழைய ஸ்பிரிங்கை விட்டால் புது பிளேட்டும் சீக்கிரம் போகும். புது பிளேட்டுகளை மாட்டும் முன் சில மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவையுங்கள். வலது கவரைத் திறக்கிற அந்தச் சந்தர்ப்பத்தை விடாதீர்கள்: இந்த இன்ஜினில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது, சல்லடையும் சுழலும் கப் ஒன்றும்தான் உண்டு. கப்பின் உள்சுவரில் கறுப்புச் சேறு மெழுகுபோல ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஆயில் மாற்றுவதால் மட்டும் இந்தச் சேறு போகாது. கவருக்குப் புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஹேண்டில் சிக்குவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்டில் முன் சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல நிற்கும். பால்ஸ் அடித்து அடித்துக் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. கிரீஸ் போட்டோ நட்டைத் தளர்த்தியோ தீராது. மேல், கீழ் கிண்ணம், பால்ஸ் எல்லாம் சேர்ந்த செட்டாக மாற்றுங்கள். நேர்ச் சாலையில் வண்டியைச் சிறுகச் சிறுகத் திருத்தி ஓட்ட வேண்டியிருப்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

செயின் கவர் முழுக்க மூடியது என்பதால் யாரும் செயினைப் பார்ப்பதில்லை. ரப்பர் மூடியை எடுத்து, பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் ஆட்டத்தைப் பாருங்கள், 20 முதல் 30 மி.மீ. வேண்டும். ஓரிடத்தில் டைட், ஓரிடத்தில் தொங்கல் என்றால் செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றும் நேரம். சக்கரத்தை நகர்த்தினால் பின் பிரேக் ஆட்டமும் மாறும், அதையும் திருத்துங்கள். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் பதித்திருக்கும். 2317 என்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஏழெட்டு வருட ரப்பர் மழையில் பிடிக்காது.

பதில்: மல்டிமீட்டர்

ஹாரன், இண்டிகேட்டருக்கு: உதைத்து ஸ்டார்ட் ஆகும் இந்த மாதிரி வண்டியில் பேட்டரி செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ராத்திரி நின்ற பேட்டரியில் மீட்டர் வையுங்கள், 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். ஹாரனை அழுத்தும்போது 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போயிற்று.

ஆனால் உடனே வாங்காதீர்கள். இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு மறுபடி அளவெடுங்கள். 13.5 முதல் 14.8 வரை நல்லது. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, புது பேட்டரியையும் காய்ச்சிவிடும். 13-ஐத் தொடவில்லை என்றால் மேக்னெட் காயில் ஒயர், ரெகுலேட்டர் கப்ளர், பச்சை பூத்த டெர்மினல் இவற்றைப் பாருங்கள்.

எர்த்துக்குத் தனிச் சோதனை: மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை சேஸிஸின் பெயின்ட் இல்லாத போல்ட்டில். இண்டிகேட்டர் எரியும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றி எமரியால் தேய்த்து மாட்டுங்கள்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிகரெட் பெட்டித் தாளோ ஒயர்த் துண்டோ சுற்றியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிட்டு, பெட்டியில் எழுதியுள்ள ஆம்பியரில் ஃபியூஸ் போடுங்கள். பழைய உரிமையாளர் சொருகிய எல்.இ.டி. பட்டை, இரண்டாவது ஹாரன் ஒயர்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பிரித்து எடுத்த பிறகு மேலே சொன்னதை அளவெடுங்கள்.

இன்னொன்று. கிளட்ச்சுக்கும் கோன் செட்டுக்கும் காசு போடும் முன் இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து வாங்கியாயிற்றா? பெயர் மாற்றத்துக்கு வாங்குபவருக்கு 30 நாள்தான், அதில் பத்து நாள் போய்விட்டது. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35-உம், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் விற்றவரிடமிருந்து வர வேண்டும். 2013-இல் பதிவான வண்டியின் ஆர்.சி. 2028-இல் 15 வருடம் முடியும், அது முடிவதற்கு முன்பே படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

கொங்கு வண்டி

எண்கள் இரண்டும் ஒத்துப்போகின்றன, படிவங்களில் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஃபைனான்ஸ் இல்லை. எக்ஸாஸ்ட் டேப்பெட்டில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்லை, ராக்கர் கல்லாக இருந்தது. சரிசெய்து நேற்று 40 கி.மீ. ஓட்டினேன், அணையவில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கிவிட்டேன். ஏர் ஸ்க்ரூவைப் பழைய சுற்றிலேயே விடலாமா?

பதில்: பதினாறு ஸ்பேனர்

வேண்டாம், அது காற்றுக் கசிவு இருந்தபோது யாரோ வைத்த சுற்று. இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, இன்ஜின் எங்கே அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை 1,400 சுற்று அளவுக்கு இறக்குங்கள். மீண்டும் ஒருமுறை ஏர் ஸ்க்ரூ, மீண்டும் ஐடிலிங். புது பிளக் போட்டு 100 கி.மீ. ஓட்டிக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. காய்ந்த கரியாக இருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெளுத்திருந்தால் எங்கோ இன்னும் காற்று இழுக்கிறது. புது பிளக்கைக் கையால் முழுக்கத் திருகி, அதன்பின் ஸ்பேனரால் அரைச் சுற்றுப் போதும். 10 மி.மீ. மரை அது, ஹெட் அலுமினியம்.